மூன்றில் ஒருத்தி

ராத்திரி பத்தரை மணிக்கு போன். பி.காம். படித்த காலத்திலிருந்து கூடவே இருக்கிற சிநேகிதன். குரலே சரியில்லை.

'டேய், அக்காவோட ரிப்போர்ட் வந்திருச்சுடா. பாசிட்டிவ்னு போட்டிருக்கான். ஒண்ணு இல்ல, ரெண்டு பாசிட்டிவ். எல்லாம் போச்சுடா.'

அவனுடைய அக்காவுக்கு மார்பில் கட்டி. புற்றுநோய்தான் என்பது முன்பே தெரியும். ஆபரேஷனும் முடிந்துவிட்டது. இப்போது வந்திருப்பது, வெட்டி எடுத்த சதையைப் பரிசோதித்த ரிப்போர்ட். படிடா என்றேன். எழுத்துக் கூட்டிப் படித்தான். 'ஈ.ஆர். பாசிட்டிவ். பி.ஆர். பாசிட்டிவ்.'

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பிரக்னன்சி டெஸ்ட்டை விட்டால், ஆஸ்பத்திரி பேப்பரில் பாசிட்டிவ் என்ற சொல் நமக்கு என்றைக்கு நல்லது செய்திருக்கிறது?

'மொதல்ல உட்காரு. தண்ணி குடி. அது நல்ல சேதிடா' என்றேன். எழுத்துத் தொழில் புண்ணியத்தில் இதைப்பற்றிக் கொஞ்சம் படித்து வைத்திருந்தேன். அவன் நம்பவில்லை. மறுநாள் டாக்டரம்மா அதையே சொன்ன பிறகுதான் நம்பினான். ஒரு பாசிட்டிவ் எப்படி நல்ல சேதி ஆகும் என்று அவன் கேட்ட கேள்விக்கு மட்டும் போனில் பதில் சொல்ல முடியவில்லை. அது பெரிய கதை. முக்கால் நூற்றாண்டுக் கதை.

அந்தக் கதையின் முதல் ஆசாமி பிறந்த ஊர், நம்புங்கள், திருகோணமலை.

*

ஜார்ஜ் தாமஸ் பீட்சன். 1848ல் இலங்கையில் பிறந்தார். அப்பா ராணுவ டாக்டர். பையனும் டாக்டருக்குத்தான் படித்தான், ஸ்காட்லாந்தில். படிப்பு முடிந்த கையோடு ஒரு விநோதமான வேலை கிடைத்தது. மனநிலை சரியில்லாத ஒரு பணக்காரரை அவருடைய பண்ணை வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு, வேலைதான் அவ்வளவாக இல்லை. சும்மா இருக்கிற நேரத்தில் எம்.டி. பட்டத்துக்கு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதலாமே என்று உட்கார்ந்தார்.

எதைப்பற்றி எழுதுவது? ஜன்னலுக்கு வெளியே பக்கத்துப் பண்ணையில் ஆட்டுக்குட்டிகளுக்குப் பால் மறக்கடித்துக்கொண்டிருந்தார்கள். சரி, பால் சுரப்பதைப்பற்றியே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தார்.

விசாரிக்கும்போது ஒரு தகவல் கிடைத்தது. சில தேசங்களில், கன்று போட்ட பசுவின் சினைப்பையை எடுத்துவிடுவார்களாம். எடுத்துவிட்டால் பசு வற்றாமல் நீண்ட நாள் கறக்குமாம். மாட்டுக்காரர்களுக்கு அது லாபக் கணக்கு. பீட்சனுக்குத் தூக்கம் போய்விட்டது. சினைப்பை இருப்பது வயிற்றில். மடி இருப்பது வேறு இடத்தில். ஒன்றை எடுத்தால் இன்னொன்று ஏன் மாறுகிறது? நரம்பு வழியாகத்தான் உடம்பில் எல்லா உத்தரவும் போகிறது என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஹார்மோன் என்ற வார்த்தையே பிறந்திருக்கவில்லை.

இந்தக் கேள்வியைச் சுமார் இருபது வருடம் மனசிலேயே வைத்திருந்தார். 1895ல் 33 வயதுப் பெண் ஒருத்தி கிளாஸ்கோவில் அவரிடம் வந்தாள். மார்புப் புற்றுநோய். அறுவை செய்து எடுத்தும் திரும்ப வந்துவிட்டது. இனி வெட்டுவதற்கு வழியில்லை. அந்தக் காலத்து அகராதியில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். வீட்டுக்குப் போ, சாவுக்குக் காத்திரு.

பீட்சன் மறைக்கவில்லை. இது சோதனை முயற்சி என்பதை அவளிடமும் அவள் கணவனிடமும் விளக்கிச் சொன்னார். இருவரும் சம்மதித்தார்கள். 1895 ஜூன் 15ம் தேதி அவளுடைய சினைப்பைகளை எடுத்தார். மார்பை அவர் தொடவே இல்லை.

எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், கட்டியைக் காணோம்!

1896ல் லான்செட் பத்திரிகையில் எழுதினார். டாக்டர் உலகம் பரபரத்தது. அந்தப் பெண் சுமார் நாலு வருடம் வாழ்ந்தாள். வீட்டுக்குப் போ என்று சொல்லப்பட வேண்டியவளுக்கு நாலு வருடம் என்பது எவ்வளவு பெரிய தொகை!

பிறகென்ன, ஆளாளுக்குக் கத்தியை எடுத்தார்கள். 1900ல் லண்டனைச் சேர்ந்த ஸ்டான்லி பாய்ட் என்ற சர்ஜன் அதுவரை நடந்த ஆபரேஷன்களை எல்லாம் சேகரித்துக் கணக்குப் போட்டார். மொத்தம் 54 பெண்கள். பலன் கிடைத்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு.

மூன்றில் ஒருத்தி. அந்த ஒருத்திக்கு அது உயிர்ப்பிச்சை. மற்ற இரண்டு பேர்? வயிற்றைக் கிழித்து, சினைப்பையை இழந்து, இருபத்தைந்து முப்பது வயதிலேயே மாதவிலக்கு நின்று போய், அத்தனையும் வீண். புற்றுநோய் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஒருத்தி யார் என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடிந்தால் மற்ற இருவரையும் இந்தக் கொடுமையிலிருந்து காப்பாற்றலாம். எப்படிக் கண்டுபிடிப்பது?

யாருக்கும் தெரியவில்லை. கிட்டத்தட்ட எழுபது வருடம் தெரியவில்லை.

*

இடைப்பட்ட காலத்தில் சில காரியங்கள் நடந்தன. 1905ல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற லண்டன் பேராசிரியர், ரத்தத்தில் கலந்து போய் வேறொரு உறுப்பை வேலை வாங்குகிற ரசாயனங்களுக்கு ஹார்மோன் என்று பெயர் வைத்தார். 1929ல் அமெரிக்காவில் ஒருவரும் ஜெர்மனியில் ஒருவரும் தனித்தனியாக முதல் பெண் ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் ஈஸ்ட்ரோஜன் குடும்பம். பீட்சனின் பசுமாட்டுப் புதிர் பாதி அவிழ்ந்தது. சினைப்பை உத்தரவு அனுப்புவது நரம்பில் இல்லை, ரத்தத்தில்.

ஆண்களின் கதை 1941ல் ஆரம்பித்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்று ஒருவர். கனடாக்காரர். ஆண்களுக்கு மட்டும் உள்ள புராஸ்டேட் சுரப்பியைத்தான் அவர் நோண்டிக்கொண்டிருந்தார். அந்தச் சுரப்பியில் வரும் புற்றுநோய் முற்றினால் எலும்புக்குப் பரவும். உயிர் போகிற வலி என்பார்களே, அது. ஹக்கின்ஸ் என்ன செய்தார்? ஆண் ஹார்மோன் உற்பத்தியாகிற விதைகளை எடுத்தார். அல்லது, பெண் ஹார்மோனை மருந்தாகக் கொடுத்தார். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களுக்கு வலி குறைந்தது. எழுந்து நடமாடினார்கள். ஒரு ரசாயனத்தைக் கொடுத்துப் புற்றுநோயைப் பின்வாங்க வைக்கலாம் என்று உலகம் தெரிந்துகொண்டது அப்போதுதான். 1966ல் அவருக்கு நோபல் பரிசு.

ஆனால், பலருக்கு ஓரிரு வருடங்களில் நோய் திரும்பி வந்தது. ஹார்மோனை நிறுத்திய பிறகும் அது எப்படி வளருகிறது? அதை அப்புறம் பார்ப்போம்.

ஹக்கின்ஸ் பெண்கள் பக்கமும் திரும்பினார். மாதவிலக்கு நின்றபின் சினைப்பை ஓய்வெடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஈஸ்ட்ரோஜனுக்கு மூலப்பொருள் சப்ளை செய்வது சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி. 1950களின் தொடக்கத்தில் அந்தச் சுரப்பிகளையே எடுத்துப் பார்த்தார். அது இல்லாமல் மனுஷன் உயிர் வாழ முடியாது. ஆயுசு பூராவும் கார்ட்டிசோன் மருந்து வேண்டும். அவ்வளவு பெரிய ஆபரேஷன். பலன்?

மறுபடியும் அதே மூன்றில் ஒருத்தி கணக்குதான்.

*

அதே சிகாகோவில், ஹக்கின்ஸின் ஆராய்ச்சிக் கூடத்தில் எல்வுட் ஜென்சன் என்கிற ஒரு கெமிஸ்ட் இருந்தார். டாக்டர் இல்லை. ரசாயனக்காரர். அவரிடம் ஒரு மலை ஏறின கதை உண்டு. இளைஞனாக சுவிட்சர்லாந்தில் மேல்படிப்புக்குப் போனபோது, முன்பின் மலையேறிப் பழக்கமே இல்லாமல் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் ஏறிவிட்டு வந்த ஆள். அந்தச் சிகரத்தை எட்வர்ட் விம்பர் 1865ல் முதன்முதலில் தொட்டார். எப்படி? எல்லோரும் இத்தாலிப் பக்கமிருந்து முட்டி மோதிக்கொண்டிருக்க, இவர் மட்டும் சுவிஸ் பக்கம் போய் ஏறினார். பாதை மாறினால் சிகரம் கிடைக்கும். ஜென்சன் பிடித்துக்கொண்டது இந்தப் பாடத்தைத்தான்.

அன்றைக்கு ஹார்மோன் ஆராய்ச்சியாளர்கள் எல்லோரும் ஒரே பாதையில் நின்றார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏதோ ஒரு என்சைமோடு சேர்ந்து ரசாயன மாற்றம் அடைகிறது, அதனால்தான் வேலை நடக்கிறது என்பது அவர்கள் கட்சி. ஜென்சன் கேள்வியைத் திருப்பிப் போட்டார். ஹார்மோன் உடம்பை என்ன செய்கிறது என்பது இருக்கட்டும். உடம்பு ஹார்மோனை என்ன செய்கிறது?

ஹார்மோனைப் பின்தொடர வேண்டும். ஆனால் அது உடம்பில் இருக்கும் அளவோ துளியிலும் துளி. எனவே, ஹெர்பர்ட் ஜேக்கப்சன் என்ற சகாவோடு சேர்ந்து, டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனை ஈஸ்ட்ரோஜனில் கோத்தார். மாட்டுக்கு மணி கட்டுகிற மாதிரி. இனி எங்கே போனாலும் சத்தம் கேட்கும். குட்டிப் பெண் எலிகளுக்கு அதை ஊசி மூலம் செலுத்தினார்கள்.

ரத்தத்துக்குப் போனது, வெளியேறியது. தசைக்குப் போனது, வெளியேறியது. கருப்பைக்குப் போனது. அங்கேயே தங்கிவிட்டது! ரசாயன மாற்றம் எதுவும் இல்லாமல், போன உருவத்திலேயே மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தது. அப்படியென்றால் அங்கே ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த ஏதோ ஒன்றுக்குப் பெயர்தான் ரிசப்டார். பாடப்புத்தகத் தமிழில் ஏற்பி.

1958ல் வியன்னாவில் ஒரு சர்வதேச மாநாடு. ஜென்சன் இதை வாசித்தார். பக்கத்து அரங்கில் அதே நேரத்தில் பழைய என்சைம் கட்சியின் கூட்டம், ஆயிரம் பேருக்கு மேல். ஜென்சனைக் கேட்க வந்திருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். அதிலும் மூன்று பேர், அடுத்து பேசுவதற்காக மேடையேறக் காத்திருந்தவர்கள். பின்னாளில் ஜென்சன் சிரித்துக்கொண்டே இதைச் சொல்லுவார்.

*

ரிசப்டார் என்றால் என்ன என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஹார்மோன் என்பது ரேடியோ ஒலிபரப்பு. சினைப்பை ஒரு வானொலி நிலையம். ரத்தத்தின் வழியாக ஊர் முழுக்க ஒலிபரப்புகிறது. எல்லா வீட்டுக் கூரைக்கு மேலும் அந்த அலை போகிறது. ஆனால் பாட்டு கேட்பது எந்த வீட்டில்? பெட்டி இருக்கிற வீட்டில் மட்டும். ரிசப்டார்தான் அந்தப் பெட்டி. மார்பில், கருப்பையில் இருக்கும் செல்களில் ஈஸ்ட்ரோஜன் பெட்டி நிறைய உண்டு. பாட்டு வந்ததும் அவை வளரும், பெருகும். அது இயற்கை.

இப்போது அந்த மார்பு செல் ஒன்று புத்தி கெட்டுப் புற்றுநோய் ஆகிறது என்று வையுங்கள். சில புற்றுகள் வீட்டை விட்டு ஓடும்போது பெட்டியையும் தூக்கிக்கொண்டு போகின்றன. அதாவது இன்னும் ஈஸ்ட்ரோஜன் பாட்டுக்குத்தான் ஆட்டம். வேறு சில, பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டன. பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை பாட்டுக்கு வளரும்.

சினைப்பையை எடுப்பது என்றால் வானொலி நிலையத்தை மூடுவது. பெட்டி இல்லாத வீட்டுக்கு நிலையத்தை மூடினால் என்ன, மூடாவிட்டால் என்ன?

பீட்சனின் புதிர் மொத்தமாக அவிழ்ந்தது. வெட்டி எடுத்த கட்டியில் ரிசப்டார் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். 1971ல் ஜென்சன் குழு தங்கள் நோயாளிகளிடம் இதைக் காட்டியது. பல ஆஸ்பத்திரிகளின் கணக்கு 1974ல் அமெரிக்காவில் ஒரு கூட்டத்தில் ஒன்றாக வைக்கப்பட்டது. ரிசப்டார் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஹார்மோன் வைத்தியம் பலித்திருந்தது. இல்லாதவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூடப் பலிக்கவில்லை.

காமர்ஸ் படித்த புத்தி சும்மா இருக்காது. ஒரு பேப்பரில் போட்டுப் பார்த்தேன். நூறு பெண்களில் அறுபது பேருக்குப் பெட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்கு 55 பேருக்குப் பலன் என்றால் 33. மீதி நாற்பதில் மூன்று பேர். ஆக மொத்தம் 36. மூன்றில் ஒருத்தி! ஸ்டான்லி பாய்ட் 1900ல் எழுதிவைத்த ஐந்தொகை முக்கால் நூற்றாண்டு கழித்து டேலி ஆகிறது.

இனி கண்ணை மூடிக்கொண்டு யாருடைய சினைப்பையையும் எடுக்க வேண்டாம். முதலில் பார், பிறகு வெட்டு.

*

வெட்டாமலே முடியாதா? நிலையத்தை மூடுவதற்குப் பதில் பெட்டியைக் கெடுத்தால்?

இங்கேதான் ஒரு தோற்றுப்போன கருத்தடை மாத்திரை கதைக்குள் நுழைகிறது. இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. என்ற ரசாயனக் கம்பெனி. 1962ல் அங்கே டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண் கெமிஸ்ட் ஒரு புதுப் பொருளைச் சமைத்தார். பெயர் கிடையாது, நம்பர்தான். ஐ.சி.ஐ. 46,474. அவருடைய குழுவின் தலைவர் ஆர்தர் வால்போல். உறவுக்கு மறுநாள் போட்டுக்கொள்கிற கருத்தடை மாத்திரை கண்டுபிடிப்பதுதான் அவர்கள் வேலை. எலிக்குக் கொடுத்தார்கள், கரு தங்கவில்லை. பெண்களிடம் பார்த்தால் தலைகீழ். கருமுட்டை வெளிவர அது உதவி செய்தது! கருத்தடை மாத்திரையைச் சாப்பிட்டுக் குழந்தை பிறந்தால் கம்பெனி என்னத்துக்கு ஆகும்?

வால்போலுக்குப் புற்றுநோயிலும் அக்கறை உண்டு. ஈஸ்ட்ரோஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்து வழியை அடைக்கிறது என்பது அவருக்குத் தெரியும். மான்செஸ்டரில் கிறிஸ்டி ஆஸ்பத்திரியில் மேரி கோல் என்ற டாக்டர், முற்றிய மார்புப் புற்றுநோய் உள்ள 46 பெண்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார். 1971ல் முடிவு வந்தது. பத்து பேருக்கு நல்ல பலன். அதைவிட முக்கியம், பக்க விளைவுகள் அன்றைய மற்ற ஹார்மோன் மருந்துகளைவிட மிகக் குறைவு.

கம்பெனி கணக்குப் பிள்ளைகள் உதட்டைப் பிதுக்கினார்கள். செலவு ஜாஸ்தி, வியாபாரம் கம்மி, மூடிவிடலாம் என்று பேச்சு வந்தது. வால்போல் சொன்னார், மூடினால் நான் போகிறேன். கம்பெனி பின்வாங்கியது. 1973ல் பிரிட்டனில் அந்த மருந்து விற்பனைக்கு வந்தது. அதுதான் டாமாக்சிஃபன்.

ரேடியோ பாஷையில் சொன்னால், பெட்டியின் ஏரியல் துளையில் வேறெதையோ செருகிவிடுவது. நிலையம் கத்திக்கொண்டே இருக்கட்டும், இங்கே பாட்டு கேட்காது. க்ரெய்க் ஜோர்டன் என்ற இளைஞர், வால்போல் தேர்வாளராக வந்து பி.எச்டி. கொடுத்த பையன், அமெரிக்காவில் எலிகளை வைத்து இன்னொன்றைக் கண்டுபிடித்தார். புற்றுநோய் முற்றிய பிறகு மட்டுமல்ல, ஆபரேஷன் முடிந்த பிறகு திரும்பி வராமலிருக்கவும் இதை நீண்ட நாள் கொடுக்கலாம். 1977 ஜூலையில் வால்போல் இறந்துபோனார். அதே வருடம் டிசம்பரில் அமெரிக்க அரசு டாமாக்சிஃபனுக்கு அனுமதி தந்தது. பிள்ளை கரையேறியதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

பிற்பாடு ஆயிரக்கணக்கான பெண்களின் கணக்கை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ரிசப்டார் பாசிட்டிவ் உள்ளவர்கள் ஐந்து வருடம் இதைச் சாப்பிட்டால், பதினைந்து வருட காலத்தில் மார்புப் புற்றால் சாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. நெகட்டிவ் உள்ளவர்களுக்குப் பிரயோஜனமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்த மாத்திரை இருக்கிறது. விலையும் ஏழைக்கு எட்டாத விலை இல்லை.

முழுக்க சாதுவான மருந்து என்று நினைத்துவிட வேண்டாம். மார்பில் பாட்டை நிறுத்துகிற இதே டாமாக்சிஃபன், கருப்பையில் லேசாகப் பாடவும் செய்யும். அங்கே புற்று வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. ரத்தம் உறையும் அபாயமும் உண்டு. அதனால்தான் டாக்டர் கண்காணிப்பு.

புராஸ்டேட் கேள்வியைப் பாக்கி வைத்திருந்தேன் இல்லையா? அங்கே இருப்பது ஆண் ஹார்மோனுக்கான பெட்டி. நிலையத்தை மூடியதும் சில புற்று செல்கள் பெட்டிகளின் எண்ணிக்கையை ஏற்றிக்கொள்கின்றன. சில, பெட்டியையே மாற்றி அமைத்துக்கொள்கின்றன. எங்கிருந்தோ வரும் மெல்லிய முணுமுணுப்பு கூட அவற்றுக்குப் பெரிய கச்சேரியாகக் கேட்கும். ஹக்கின்ஸின் நோயாளிகளுக்கு நோய் திரும்பியதன் ரகசியங்களில் இது முக்கியமான ஒன்று. அந்தப் பெட்டியை இன்னும் இறுக்கமாக அடைக்கிற என்சாலுடமைட் போன்ற மருந்துகள் 2012லிருந்து வந்திருக்கின்றன.

*

இப்போது என் சிநேகிதன் கையிலிருந்த பேப்பருக்கு வருவோம். ஈ.ஆர். என்றால் ஈஸ்ட்ரோஜன் ரிசப்டார். பி.ஆர். என்றால் புரொஜெஸ்டரோன் ரிசப்டார். ஈஸ்ட்ரோஜன் பெட்டி ஒழுங்காக வேலை செய்தால்தான் பெரும்பாலும் இந்த இரண்டாவது பெட்டி உருவாகும். ஆக, பி.ஆர். பாசிட்டிவ் என்பது முதல் பெட்டி சும்மா ஷோவுக்கு இல்லை, பாடுகிறது என்பதற்கு அத்தாட்சி.

மூன்றாவதாக ஹெர்-2 என்று ஒன்று போட்டிருக்கும். அது ஹார்மோன் பெட்டி அல்ல, வேறு ஜாதி ரிசப்டார். அது பாசிட்டிவ் ஆனால் அதற்குத் தனி மருந்து 1998ல் வந்துவிட்டது. மூன்றுமே நெகட்டிவ் என்றால் டிரிபிள் நெகட்டிவ். நம் நாட்டில் இந்த வகை மேலைநாடுகளைவிட அதிகம் காணப்படுகிறது. சற்று முரட்டு வகைதான். அதற்காகக் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை. கீமோதெரபி இருக்கிறது, உடம்பின் எதிர்ப்பு சக்தியை உசுப்பிவிடுகிற புது மருந்துகளும் வந்திருக்கின்றன. ஹார்மோன் மாத்திரை மட்டும் அங்கே வேலைக்கு ஆகாது.

நம் ஜனங்களிடம் எனக்கு இரண்டு வருத்தம். ஒன்று, ரிப்போர்ட்டில் இந்த வரி இருக்கிறதா என்று கேட்காமலே ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டாவது இன்னும் மோசம். மாத்திரையை ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம், தினம் சாப்பிட வேண்டும். ஆறு மாதத்தில் உடம்பு தேறிவிடும். 'அதான் நல்லா இருக்கேனே' என்று யாரையும் கேட்காமல் நிறுத்திவிடுவார்கள். உடம்பில் எங்காவது ஒரு மூலையில் ஒரே ஒரு பெட்டி மிச்சமிருந்து, அதில் பாட்டு திரும்பக் கேட்க ஆரம்பித்தால்?

ஜென்சன் 2012ல் தன் 92வது வயதில் காலமானார். 2004ல் அவருக்கு லாஸ்கர் விருது கொடுத்தார்கள். நோபல் கிடைக்கவில்லை. இந்தக் கதையில் எனக்குப் பெரிய மனுஷி வேறொருத்தி. பேர்கூட வெளியே தெரியாத அந்த 33 வயது கிளாஸ்கோ பெண். மூன்றில் ஒருத்தியாக அவள் இல்லாமல் போயிருந்தால், முதல் ஆபரேஷன் பலிக்கவில்லை என்று பீட்சன் கடையைக் கட்டியிருக்கலாம்.

போன மாதம் சிநேகிதன் வீட்டுக்குப் போயிருந்தேன. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அக்கா அலமாரியைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தார். காலண்டரில் தேதிக்கு மேல் பென்சிலால் ஒரு டிக் போட்டார்.

'நாலு வருஷம் முடியப்போகுது தம்பி. ஒரு நாள் விட்டதில்ல' என்றார்.